மேலே ஒரு மினுமினுப்பு

ஜனவரி 9

அடியே பாம்புக்காது,

தண்ணி குடிக்கப் போனியா? நல்லா இருக்கு நியாயம்! நாப்பத்தொம்பது வருஷம் கழிச்சு ஒருத்தன் கார்டு போட்டு மறுபடியும் கேக்கறான், அதுக்கும் அதே ஒத்த வரியில, "தண்ணி குடிக்கத்தான் எழுந்து போனேன் அண்ணா"ன்னு பதில். கூடப்பொறந்தவன் ஆயுசுல ஒரே ஒரு தடவ மேடையேறி கிட்டார் வாசிக்கறான். அச்சாபீஸ் ஊழியர் சங்க ஹால். நாலு நிமிஷம் நான் மட்டும் தனியா. மூணாவது நிமிஷம், ஒரு கம்பிய மேல இழுத்து அப்படியே புடிச்சு நிறுத்தறேன். ஹாலே மூச்சு விடல. அப்பப் பார்த்து முன் வரிசையில ஒரு நாற்காலி க்ரீச்சுன்னு நகருது. யாருடான்னு பார்த்தா நீ! முதுகக் காட்டிட்டு வெளிய போற. அந்த க்ரீச் இன்னும் என் காதுலயே இருக்குடி. தாகமாம் தாகம்.

சரி, மரியாதையா ஆரம்பிக்கறேன். இங்க நானும் உங்கண்ணியும் சௌக்கியம். என் ரெண்டு முட்டி மட்டும் சௌக்கியமில்ல, அதுங்க தனிக் கட்சி. மச்சான் போனப்புறம் அந்த வீட்டுல ஒத்தையா என்ன பண்றியோ. வேளைக்குச் சாப்பிடறியா, பிரஷர் மாத்திரை ஒழுங்கா போடறியா, எழுது.

இப்ப விஷயம். அன்னிக்கு சத்தத்துக்காக கிட்டார்ல மாட்டி வாசிச்ச பொட்டிங்க என்னோடதில்ல, ஞாபகம் இருக்கா? கப்பல்ல வாசிக்கற ஒருத்தன் ஒரு சாயங்காலத்துக்கு இரவல் குடுத்தது. வெளிநாட்டு ராக் இசைத்தட்டுல வருமே, கிட்டார் பாதி அழுவும் பாதி உறுமும், அந்தச் சத்தம். மறுநாள் காலையில கப்பலோட பொட்டியும் போச்சு. ரிட்டயர் ஆனதுலேர்ந்து அதுங்கள ஒண்ணொண்ணா தேடிப் புடிக்கறேன். கால்ல மிதிச்சா சத்தத்தக் கரகரப்பாக்கற ஃபஸ் பொட்டி, பழைய இரும்புக் கடையில எடைக்குப் போடக் கெடந்துச்சு. கண்ணாடி வால்வு போட்ட ஆம்ப்ளிஃபையர் ஒண்ணு யாரோ வீட்டுப் பரண்ல தலையில காலிச் செடித்தொட்டியோட உக்காந்திருந்துச்சு. ரெண்டுக்கும் உசிரு குடுத்தது நம்ம ரேடியோ மெக்கானிக்கு. ஈயத்தக் காய்ச்சிக் காய்ச்சியே பொழைக்கறதால நான் வெச்ச பேரு ஈயம்.

கேசட்டு ஒண்ணு அனுப்பியிருக்கேன். அதே நாலு நிமிஷம். அன்னிக்கு ஹால்ல இருந்தவங்கள்ல மிச்சம் இருக்கறது நானும் நீயும்தான். அதோட, டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல இருபத்தெட்டு வருஷம் காதாலயே சம்பாதிச்சவ நீ. எனக்கு அந்தச் சத்தத்த இன்னொரு தடவ கேக்கணும், வேற ஒண்ணும் வேணாம். அதேதான்னு நீ எழுதிட்டா அத்தோட பொட்டிய மூடிருவேன், உன்னயும் தொந்தரவு பண்ண மாட்டேன்.

போன் பண்ணாத. இப்ப வர்ற போனெல்லாம் குப்பை. எல்லாரும் வாயில பஞ்ச வெச்சுக்கிட்டுப் பேசற மாதிரி இருக்கு.

உன் அண்ணன்


ஜனவரி 27

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நலம். அண்ணியையும், கட்சி மாறிய முட்டிகளையும் விசாரித்ததாகச் சொல்லவும். மாத்திரை தவறுவதில்லை. சாப்பாடுதான் ஒரு ஆளுக்குச் சமைக்கும்போது கை அளவு தெரியாமல் திணறுகிறது. இரண்டு பேருக்குச் சமைத்து மறுநாளும் அதையே சாப்பிடுகிறேன்.

தபால்காரர் பார்சலை நீட்டியபோது, "எங்க அண்ணன் கையெழுத்து, பாருங்க, எறும்புக்குச் சண்டை வந்த மாதிரி" என்று அவரிடமே காட்டினேன். "இவ்வளவு நாளா உங்களுக்கு பில்லு மட்டும்தானேம்மா வரும்" என்றார். உண்மைதான்.

கேசட்டை உங்கள் மச்சானின் பழைய டேப் ரெக்கார்டரில் போட்டு மூன்று முறை கேட்டேன். கிட்டே வந்துவிட்டது அண்ணா. ஆனால் அது இல்லை. மேலே ஒரு மினுமினுப்பு இருக்குமே, வெயிலில் தகரத்தைத் திருப்பினால் பளிச்சென்று வருமே, அது குறைகிறது. இன்னும் கொஞ்சம் முயற்சி செய்து இன்னொரு கேசட் அனுப்புங்கள். வெறும் கேசட் வேண்டாம், கடிதத்தோடு அனுப்புங்கள். கடிதம் நீளமாக இருந்தாலும் பரவாயில்லை.

தண்ணீர் குடிக்கத்தான் போனேன்.

தங்கை


பிப்ரவரி 8

பாம்புக்காதுன்னு சும்மாவா பேரு வெச்சேன்!

மினுமினுப்பு! அதேதான்டி! எனக்கும் அதுதான் கேக்கல. வாயில சொல்லத் தெரியாம முழிச்சிட்டிருந்தேன். ஈயத்துக்கிட்ட போய், "என் தங்கச்சி சொல்லிட்டா, மேல மினுமினுப்பு இல்லயாம்"னேன். அவரு ஹெட்போன மாட்டிக் கேட்டுட்டு, "எனக்கு எல்லாம் இருக்கற மாதிரிதான் சார் இருக்கு"ங்கறாரு. எக்ஸ்சேஞ்சுக்காரி காது பெருசா, ஈயங்காய்ச்சி காது பெருசா?

நாங்க நல்லா இருக்கோம். முட்டி எதிர்க்கட்சியாவே இருக்கு. நீ அளவா சமைச்சுச் சூடா சாப்பிடு.

ரெண்டு ரகசியம் கண்டுபுடிச்சேன். ஒண்ணு பேட்டரி. இந்த ஃபஸ் பொட்டிக்குப் புது பேட்டரி ஆகாது, பாதி செத்த பேட்டரியிலதான் சத்தம் கனியும்னு அந்தக் காலத்து வாசிப்புக்காரங்க எல்லாருக்கும் தெரியும். பாதி செத்ததுக்கு எங்க போறது? கடையில கேட்டா, "பெருசு, முழுசா செத்ததே தரேன் வா"ங்கறான். தெருக்கோடி மீட்டிங் ஹால்ல மைக் போடறவனப் புடிச்சேன். ஒவ்வொரு கூட்டம் முடிஞ்சதும் கையில புடிக்கற மைக்கோட பேட்டரியத் தூக்கிப் போட்டுருவான். ஒரு மணி நேரம் பேசின ஆளோட பேட்டரி நமக்கு ஆகாது. மூணு மணி நேரம் பேசினாத்தான் பதம். அதனால நம்ம ஊருல எந்த மனுஷன் ரொம்ப அறுக்கறான்னு விசாரிச்சு, அவன் கூட்டத்துக்கெல்லாம் மொத ஆளா போய் உக்காந்துக்கறேன்.

ரெண்டாவது சூடு. உள்ள இருக்கற பழைய டிரான்சிஸ்டருக்குப் புழுக்கம் ஆகாது. பொட்டியக் கொண்டுபோய் ஃப்ரிட்ஜுல பாலுக்குப் பக்கத்துல வெச்சேன்.

"இது என்ன?"ன்னா உங்கண்ணி.

"ஃபஸ்ஸு."

"கழுவிட்டு வெச்சீங்களா?"

நாப்பது வருஷமா இந்த மேலிடத்துக்கிட்ட நான் ஜெயிச்சதே இல்ல. ரெண்டாவது கேசட்டு உள்ள இருக்கு.

அண்ணன்


பிப்ரவரி 24

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே சுகம். அங்கே அனைவரும், ஃப்ரிட்ஜில் இருப்பவர் உட்பட, சுகமென்று நம்புகிறேன். பேட்டரிக்காக மூன்று மணி நேரப் பேச்சைக் கேட்கிறவர் உலகத்திலேயே நீங்கள் ஒருவராகத்தான் இருப்பீர்கள். உங்கள் கடிதத்தைப் பக்கத்து வீட்டு டீச்சருக்கு வாசித்துக் காட்டினேன். "உங்க அண்ணன் அடுத்தது எப்ப எழுதுவார்?" என்று இரண்டு நாளைக்கு ஒருமுறை கேட்கிறாள். நானும்தான் கேட்டுக்கொள்கிறேன்.

கேசட் முன்பைவிட இன்னும் கிட்டே. ஆனாலும் மேலே கொஞ்சம் பாக்கி இருக்கிறது.

ஒரு விஷயம். போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வேண்டாமென்று சொல்லியும் போன் செய்தேன். அண்ணி எடுத்து உங்களிடம் கொடுத்தாள். நான் மூன்று கேள்வி கேட்டேன். மூன்றுக்கும், "ஆமா ஆமா, ரொம்ப சந்தோஷம்" என்றீர்கள். அதில் ஒன்று, "முட்டி வலி எப்படி இருக்கு?"

லைன் சரியில்லையா?

தங்கை


மார்ச் 30

பாம்புக்காதுக்கு,

லைனுதான். லைனு சரியில்ல.

லேட்டா எழுதறேன், கோவிச்சுக்காத. எல்லாரும் நலம். உன் ஒடம்பு எப்படி, டீச்சரம்மா எப்படி?

பெரிய சேதி! எக்கோ மெஷின் வந்துருச்சு. உள்ள ஒரு துண்டு டேப்பு சுத்திச் சுத்தி ஓடும். நாம ஒரு தடவ தட்டினா அது நாலு தடவ திருப்பிச் சொல்லும், உங்கண்ணி மாதிரி. என் சைக்கிளக் குடுத்துட்டு வாங்கிட்டேன். முட்டிதான் ஓட்ட விடலையே, அது சும்மா செவுத்துல சாஞ்சு என்னப் பார்த்துச் சிரிச்சிட்டிருந்துச்சு. வா-வா பெடலு ஒண்ணும் வந்திருக்கு. கால்ல ஆட்டினா கொழந்த சிணுங்கற மாதிரி சத்தம் வருமாம். எனக்கு வந்தது அரைச் சிணுங்கல்தான். ஈயத்த மூணு தடவ பிரிச்சுப் பார்க்க வெச்சேன். "நல்லாத்தான் சார் அழுவுது"ங்கறாரு.

இந்த வருஷம் வாங்கற சாமான் எதுவுமே சரியில்லடி. உங்கண்ணி புது குக்கர் வாங்கினா, விசிலே அடிக்கல. பருப்பு தீஞ்சுபோச்சு. என்னப் பக்கத்துல உக்கார வெச்சுட்டு அவ மாடிக்குப் போயிருந்தா, பழி என் மேல. கடைக்குத் தூக்கிட்டுப் போய்ச் சண்ட போட்டு வேற விசிலு மாத்திட்டு வந்தேன். அதுவும் அடிக்கல. கடைக்காரன் என்ன ஒரு மாதிரி பார்க்கறான். வாசல் மணியும் ரிப்பேரு. தபால்காரரு கதவ ஒதைக்கறாரு.

ஆனா ஒரு வழி கண்டுபுடிச்சிட்டேன். ஆம்ப்ளிஃபையர்ல மேல் சத்தத்த ஏத்தற டிரெபிள் திருகக் கடைசி வரைக்கும் திருப்பிட்டேன். ஃபஸ் பொட்டியிலயும் அதே. சத்தத்தயும் நல்லா ஏத்தினேன். அப்ப லேசா, ரொம்ப லேசா, மேல ஒரு மினுக்கு தெரிஞ்ச மாதிரி இருந்துச்சு! எதிர்வீட்டு நாயி ஊளையிட்டுட்டு ஓடிப்போச்சு. ரசனை கெட்ட நாயி. உங்கண்ணியும் கொஞ்ச நாளா நான் வாசிக்க உக்காந்தா மொட்டை மாடிக்குத் துணி காயப் போடப் போயிடறா. இருக்கறதே ரெண்டு பேரு துணி, அது என்ன அவ்வளவு காயுது?

மூணாவது கேசட்டும் இதோட இருக்கு. இதுல வந்துருச்சுன்னு மனசு சொல்லுது. உன் வாயால கேக்கணும்.

அண்ணன்


ஏப்ரல் 10

மதிப்பிற்குரிய மெக்கானிக் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் குடும்பத்தார் நலமாக இருக்க வேண்டும். நாம் பார்த்ததில்லை. உங்களிடம் கிட்டார் பெட்டிகளைக் கொண்டுவந்து உயிரை வாங்குகிற பெரியவரின் தங்கை நான். அவர் கடிதத்தோடு ஒட்டிக்கொண்டு வந்த உங்கள் கடை ரசீதில் முகவரி கிடைத்தது.

மூன்றாவது கேசட்டை நேற்றுப் போட்டேன். அரை நிமிஷம்கூடக் கேட்க முடியவில்லை. ஊசியால் குத்துவதுபோல் இருந்தது. ஹெட்போனைக் கழற்றி எறிந்துவிட்டேன். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருபத்தெட்டு வருஷம் காதில் ஹெட்போனோடு உட்கார்ந்தவள் நான். எந்தக் குரலும் என்னை இப்படிச் செய்ததில்லை. இதை அவர், "லேசா தெரிஞ்ச மாதிரி இருந்துச்சு" என்று எழுதியிருக்கிறார்.

எனக்குப் புரிந்துவிட்டது. உங்களுக்கும் புரிந்திருக்கும்.

உங்களிடம் ஒன்றைச் சொல்ல வேண்டும், வேறு யாரிடமும் சொல்லவில்லை. முதல் கேசட்டிலேயே அந்தச் சத்தம் வந்துவிட்டது. பத்தாவது வினாடியில் தெரிந்துகொண்டேன். அப்போது எனக்குப் பதினைந்து வயது. அந்தச் சத்தத்தைத் தாங்க முடியாமல்தான் ஹாலைவிட்டு வெளியே போய் அழுதேன். அண்ணனுக்குள் இது இத்தனை நாள் எங்கே இருந்தது என்று அழுதேன். அவர் கேலி செய்வாரே என்று இன்றுவரை தண்ணீர் குடிக்கப் போனதாகவே சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் ஜனவரியில், "ஆமாம், இதுதான்" என்று எழுதினால் அவர் கடிதம் நின்றுவிடும். என் வீட்டுக்காரர் போன இரண்டு வருஷத்தில், அண்ணன் கார்டு வரும்வரை, எனக்கு யாரும் எழுதியதில்லை. அதனால் ஒரு குறையைக் கற்பனை செய்தேன். மேலே மினுமினுப்பு இல்லை என்றேன்.

நான் சும்மா இட்டுக்கட்டியது அவர் காதில் இல்லாத அதே இடமாக இருக்குமென்று எனக்கு எப்படித் தெரியும்?

ஏதாவது செய்ய முடியுமா?

இப்படிக்கு,
அவர் தங்கை


ஏப்ரல் 22

அம்மா அவர்களுக்கு வணக்கம். உங்கள் ஆசியில் வீட்டில் எல்லோரும் நலம். உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

எனக்கு ஒரு வருஷமாகவே தெரியும் அம்மா. முப்பது வருஷம் அச்சு மெஷின் பக்கத்தில் நின்ற காது. கடையில் நான் பின்பக்கம் நின்று பேசினால் திரும்ப மாட்டார். முன்னால் வந்து பேசினால் என் உதட்டைப் பார்த்துப் பதில் சொல்வார், அதிலும் பாதி கேலி. கேலியில் நழுவிவிடுவதால் யாருக்கும் தெரிவதில்லை. ஒருமுறை, "சார், காதைக் காட்டலாமே" என்றேன். "ஏன்யா, அதுல என்ன கம்மலா போட்டிருக்கேன் காட்டறதுக்கு?" என்றார். அதற்கு மேல் எனக்குச் சொல்லத் தைரியம் இல்லை.

நீங்கள் எழுதிய பிறகு ஒரு காரியம் செய்தேன். பெட்டியையும் ஆம்ப்ளிஃபையரையும் சுத்தம் செய்வதாகச் சொல்லி வாங்கி, உள்ளே டிரெபிள் ஒயரைக் கத்தரித்துவிட்டேன். திருகு திரும்பும், ஒன்றும் ஆகாது. இனி அவர் எவ்வளவு திருகினாலும் முதல் கேசட்டில் இருந்த சத்தம்தான் வரும். தொழிலில் இது தப்பு. என் கடையில் இதுவரை செய்ததில்லை. இருக்கிற காதாவது மிஞ்சட்டும் என்று செய்தேன்.

வேறு எதைப் பிரித்து எதை மாற்றுவதென்று எனக்குத் தெரியவில்லை அம்மா.

மெக்கானிக்


மே 2

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். நீங்களும் அண்ணியும் நலமாக இருக்க வேண்டும். வெயில் கடுமை. மத்தியானம் வெளியே போகாதீர்கள்.

வந்துவிட்டது அண்ணா. அதே சத்தம்தான். மூன்றாவதில் அல்ல, முதல் கேசட்டிலேயே வந்துவிட்டது. நான்தான் பொய் சொன்னேன். நீங்கள் எழுதுவதை நிறுத்திவிடுவீர்களே என்று சொன்னேன். மினுமினுப்பு எதுவும் குறையவில்லை. அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது.

இனி சத்தத்தைக் கூட்ட வேண்டாம். தயவுசெய்து காது டாக்டரிடம் ஒருமுறை போய்வாருங்கள். குக்கர் சரியாகத்தான் இருக்கிறது அண்ணா.

தங்கை


மே 11

தங்கச்சிக்கு,

நலம்.

பொய். நீ எனக்குப் பொய் சொல்லியிருக்க, அப்பவும் பொய், இப்பவும் பொய், இதுல எதுன்னு நான் நம்பறது? சின்ன வயசுலயே நீ பொய் சொன்னா மூக்கு செவக்கும். கடுதாசியில மூக்கு தெரியாதுங்கற தைரியம்.

மேல மினுமினுப்பு இல்லன்னு நீ எழுதினது நெசம். எப்படித் தெரியும்னா, எனக்கே கேக்கலையே! இருந்தா கேக்குமா கேக்காதா? கெழவன் கெடந்து அலையறான், பாவம், சரின்னு சொல்லி ஓரமா உக்கார வெப்போம்னு உங்கண்ணியும் நீயும் பேசி வெச்சுட்டீங்க.

குக்கரப் பத்தி உன்ன யாரு கேட்டா?

அண்ணன்


ஜூன் 16

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஒரு மாதமாக உங்களிடமிருந்து ஒன்றும் இல்லை. இங்கே நான் சுகமில்லை என்று எழுதினால் உடனே பதில் வரும், ஆனால் அது இன்னொரு பொய்யாகிவிடும். சுகம்தான். டீச்சர் கேட்பதை நிறுத்திவிட்டாள்.

நம்ப வேண்டாம். ஒரு பேரம். நீங்கள் காதைக் காட்டுங்கள். காட்டினால் ஆகஸ்டில் நான் அங்கே வருகிறேன். எதிரில் உட்கார்ந்து கேட்கிறேன். என் மூக்கைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

தங்கை


ஜூலை 19

பாம்புக்காதுக்கு,

நீ ஜெயிச்ச. நாங்க சௌக்கியம். நீ டீச்சரம்மாவ ஏங்க விட்டது தப்பு, இந்தக் கடுதாசிய அவங்களுக்குப் படிச்சுக் காட்டு. வேணாம், காட்டாத.

போனேன். சின்னதா ஒரு கண்ணாடி ரூமு. உள்ள உக்கார வெச்சு ஹெட்போன மாட்டி, கையில ஒரு பொத்தானக் குடுத்து, "தாத்தா, கீங்குன்னு சத்தம் கேட்டா அமுக்குங்க"ன்னு ஒரு பொண்ணு சொல்லுச்சு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அது உக்காந்திருக்கு. ஒவ்வொரு தடவ சத்தம் விடறப்பவும் அதுக்கே தெரியாம புருவம் லேசா ஏறுது. எனக்கு அது போதாதா? புருவம் ஏறினா அமுக்கினேன். பத்துக்குப் பத்து! அந்தப் பொண்ணு அசந்துபோயிட்டா. உள்ள வந்து, "தாத்தாவுக்குக் கொழந்தைங்க காது"ன்னா. நானும் ராஜா மாதிரி உக்காந்திருந்தேன். உங்கண்ணிதான் வெளியிலேர்ந்து பார்த்துட்டு, "அம்மா, அவர் நாற்காலியத் திருப்பிப் போட்டுப் பாரு"ன்னு காட்டிக் குடுத்துட்டா.

திருப்பிப் போட்டாங்க. செவுத்தப் பார்த்து உக்காந்தேன்.

கீழ் சத்தம் நாலஞ்சுக்கு அமுக்கினேன். அப்புறம் ஒண்ணும் வரல. எப்படா வரும்னு காத்துக்கிட்டே இருந்தேன். கட்டை விரல் பொத்தான் மேலயே இருந்துச்சு. ரொம்ப நேரம் கழிச்சு தோள்ல யாரோ தொட்டாங்க. முடிஞ்சுபோச்சாம்.

மேல் சத்தம் மொத்தமா போயிருச்சாம், திரும்பி வராதாம். காதுல ஒரு மெஷினு வெச்சா பேச்சு கொஞ்சம் புரியுமாம். அந்தச் சத்தம் வருமான்னு டாக்டர்கிட்ட கேட்டேன். "எந்தச் சத்தம்?"னாரு. வாயால வாசிச்சுக் காட்டினேன். ரெண்டு பேஷண்டு எட்டிப் பார்த்தாங்க. அவரு எழுதிக் காட்டினாரு: வராது.

சரி, பேரம் பேரம்தான். ஆகஸ்டுல வா.

அண்ணன்


ஆகஸ்ட் 25

பாம்புக்காதுக்கு,

பத்திரமா போய்ச் சேர்ந்தேன்னு நீ போட்ட கார்டு வந்துச்சு. பஸ்ஸு, மழை, மாத்திரை, உங்கண்ணி கட்டிக் குடுத்த சாப்பாடு, எல்லாம் இருக்கு. அந்த நாலு நிமிஷத்தப் பத்தி ஒரு எழுத்து இல்ல. நாங்க நல்லா இருக்கோம். காது மெஷின மாட்டினா உங்கண்ணி பேசறது கேக்குது, அதனால அடிக்கடி கழட்டி வெச்சுடறேன்.

நீ எழுதல, நான் எழுதறேன்.

மொதல்ல ஒண்ணு. ஈயம் ஒயரக் கத்தரிச்சது எனக்குத் தெரியும். நீ வர்றதுக்கு முன்னயே பொட்டியத் தெறந்து பார்த்துட்டேன். காதுதான் போச்சு, கண்ணு இருக்கே. வெட்டின முனைய அழகா ஈயம் வெச்சு மூடியிருக்காரு, தப்பு பண்ணாலும் சுத்தமா பண்ற மனுஷன். திரும்ப ஒட்டிடலாம்னு ஈயம் வெக்கற சூட்டுக்கோலப் பத்த வெச்சேன். ஒயருக்கிட்ட கொண்டு போயிட்டு அணைச்சுட்டேன். மொதல் கேசட்டு சத்தம்தான் சரின்னு நீ எழுதியிருந்தியே. பொய்யோ நெசமோ, அதையே வாசிச்சுருவோம்னு விட்டுட்டேன்.

ரெண்டாவது. உன்ன இரும்பு நாற்காலியில உக்கார வெச்சேனே, வேணும்னேதான் வெச்சேன். மெத்தை நாற்காலி உள்ள சும்மாதான் இருந்துச்சு. அந்த இரும்ப சிமெண்டுத் தரையில அரையடி நகர்த்தினா தெருவே திரும்பிப் பார்க்கும். சத்தம் அதேன்னா இவ எந்திரிச்சுப் போவா, போனா நாற்காலி கத்தும், அது எனக்குக் கேக்கும். மூக்கப் பார்த்தெல்லாம் உன்ன நம்ப முடியாது, கண்ண மூடிக்குவோம்னு நெனச்சேன். எப்படி என் திட்டம்?

வாசிச்சேன். எனக்குக் கேட்டது அடிச்சத்தம் மட்டும், பக்கத்து வீட்டுல யாரோ மூட்டைய இழுக்கற மாதிரி. மீதிய வெரலு பார்த்துக்கிச்சு. மூணாவது நிமிஷம் வந்துச்சு. கம்பிய மேல இழுத்து அப்படியே புடிச்சேன். அந்த எடத்துல என் காதுல ஒண்ணுமே இல்லடி. வெரல் நுனியில கம்பி நடுங்குது, அவ்வளவுதான். புடிச்சுக்கிட்டே க்ரீச்சுக்குக் காத்திருந்தேன்.

வரல.

சரி, உக்காந்துதான் இருக்கா, அப்ப இது அது இல்லன்னு நெனச்சுக்கிட்டு கண்ணத் தெறந்தேன். நாற்காலி காலி. ரெண்டடி பின்னால, கோணலா கெடக்கு. தரையில புதுசா ஒரு கீறல். எவ்வளவு பெரிய கத்து கத்தியிருக்கும்! உங்கண்ணி சமையக்கட்டுலேர்ந்து ஓடியாந்து நிக்கறா, என்ன சத்தம்னு.

முடிக்க இன்னும் ஒரு நிமிஷ வாசிப்பு பாக்கி இருந்துச்சு. கம்பிய விட்டுட்டேன்.

எதுக்குப் போனேன்னு நீ எழுதாத. சத்தம் அதேதாங்கறதால போனியா, அண்ணன் கதிய நெனச்சுப் போனியா, எதுன்னு எழுதினாலும் நான் நம்ப மாட்டேன், என் புத்தி அப்படி. தண்ணி குடிக்கத்தான் போனேன்னே இருக்கட்டும். நாப்பத்தொம்பது வருஷமா அதத்தான சொல்ற. திரும்பி வர்றப்ப கையில டம்ளரும் இருந்துச்சு, ஒத்துக்கறேன்.

ஆனா அந்த டம்ளர ஜன்னல்கட்டையில வெச்சுட்டு ஊருக்குப் போயிட்ட. உங்கண்ணி எடுக்க வந்தா, நான்தான் விடல. இப்பவும் எதிர்லதான் இருக்கு. விளிம்பு வரைக்கும் தண்ணி. ஒரு வாய்கூடக் கொறையல.

அண்ணன்